பாண் வண்டிச் சத்தத்தில் டியூன் செய்த வால்வ் அம்ப்

1. விசிலடிக்க ஆள் தேவை

எஞ்சின் நின்றுபோன படகு ஒன்று பகல் பன்னிரண்டு மணிக்கு எங்களை ரேடியோவில் கூப்பிடப்போகிறது. நாங்கள் சொல்லும் பதில் அதற்குக் கேட்க வேண்டுமென்றால், அதற்குள் யாராவது ஒருவர் நன்றாக விசிலடிக்க வேண்டும். கற்பிட்டிக் கரையில் ஒரு மீனவர் சங்கத்தின் ரேடியோ அறையை நான் தனியே பொறுப்பெடுத்த முதல் வாரத்தில் எனக்கு வந்த சிக்கல் இதுதான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இதை வாசித்துவிட்டு, நான் பகிடி விடுகிறேன் என்று நினைப்பார்களோ என்று யோசித்துத்தான் இரண்டு தரம் எழுதி அழித்தேன். பகிடி இல்லை. விளக்குகிறேன்.

யுத்தம் முடிந்து, ரேடியோ வைத்திருக்கிறவனைச் சந்தேகமாகப் பார்க்கும் காலம் போன பிறகு, சங்கம் லைசன்ஸ் எடுத்து இந்த அறையைத் தொடங்கியது. மேசையில் ஒரு செட். பக்கத்தில், அலுமாரியின் கீழ்த்தட்டு அளவில் ஒரு பழைய வால்வ் அம்ப்ளிபையர். கிட்டவுள்ள படகுகளோடு கதைக்கச் செட் மட்டும் போதும். வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்கும் படகுகளுக்கு எட்ட வேண்டுமென்றால் அம்பைப் போட வேண்டும்.

வால்வ் அம்பைப் போட்டவுடன் கதைக்க முடியாது. அதை ஏரியலுக்குப் பொருத்தமாக டியூன் செய்ய வேண்டும். முன்பக்கத்தில் பிளேட் என்று ஒரு குமிழ், லோட் என்று ஒரு குமிழ். பிளேட்டைத் திருகும்போது கரண்ட் மீட்டரின் ஊசி ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல இறங்கும். அந்த இடம்தான் சரி. பிறகு லோட்டைத் திருகி வெளியே போகும் பவரைக் கூட்ட வேண்டும். பிறகு மறுபடி பிளேட். இதைச் சில விநாடிகளுக்குள் செய்து கையை எடுத்துவிட வேண்டும். இழுத்தடித்தால் வால்வின் உள்ளே இருக்கும் தகடு அடுப்புக்கரி மாதிரிச் சிவக்கும்.

எங்கள் செட்டில் சத்தம் உள்ளே போனால்தான் பவர் வெளியே போகும். சத்தம் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. டியூன் செய்யவென்று தனி சுவிட்ச் எதுவும் அதில் கிடையாது. 'ஹலோ ஹலோ' என்றால் மீட்டர் ஊசி தவளை மாதிரிப் பாயும். எதையும் அளக்க முடியாது. ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே சத்தம் வேண்டும். அதனால்தான் இந்தத் தொழிலில் உள்ளவர்கள் மைக்கில் நீளமாக விசிலடித்துக்கொண்டு குமிழைத் திருகுவார்கள்.

எனக்கு முன்னர் இருந்த ஜௌபர் நானா அப்படித்தான் செய்தார். "நீங்களும் அடிச்சுப் பழகுங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கத்தாருக்குப் போய்விட்டார். நான் தலையாட்டினேன். தொழில்நுட்பக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தவள். விசிலடிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்பார்களோ? வீட்டில் பழகலாமென்றால், கைக்குழந்தைக்காரி குசினியில் நின்று விசிலடிக்கிறாள் என்று மாமி என்ன நினைப்பா? ஜௌபர் நானா குமிழ்களின் ஓரத்தில் பேனையால் கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோட்டில் நிறுத்தினால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர் போன கையோடு காற்றில் ஏரியல் கம்பம் விழுந்தது. புதுக் கம்பி கட்டினோம். கம்பியின் நீளம் மாறியதால் கோடுகள் எல்லாம் பிழையாகிவிட்டன.

2. கடல் தாரகை

அன்று காலை செட்டில் ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து செல்வம் அண்ணனின் குரல் வந்தது. 'கடல் தாரகை' என்ற படகை ஓட்டும் தண்டல் அவர்.

"கற்பிட்டி, கற்பிட்டி… எஞ்சின் பிடிக்குதில்ல… நீரோட்டம் மேற்கால இழுக்குது… நாங்க நிக்கிற இடம்…"

இடத்தைச் சொல்லும் நம்பர்கள் இரைச்சலில் மூழ்கிப்போயின. திரும்பச் சொல்லும்படி நான் கத்தினேன். அவருக்கு அது கேட்கவில்லை.

"பட்டரியும் இறங்குது… செட்ட நிப்பாட்டுறன். பகல் பன்னெண்டுக்குக் கூப்பிடுவன். ஆருக்காவது கேக்குதா?"

எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது என்பது அவருக்குத் தெரியாது.

கரைக்குக் கொஞ்சம் கிட்ட, அந்தப் பக்கத்தில் சங்கத்துப் படகு இன்னொன்று நின்றது; செல்வம் அண்ணனின் குரல் அதன் செட்டுக்கு எட்டவில்லை. இடத்தைச் சொன்னால் போய்க் கட்டி இழுத்து வருவதாக அந்தத் தண்டல் சொன்னார். இடம் தெரியாமல் கடலில் தேட முடியாது. நீரோட்டம் இழுத்த இழுப்பில் கடல் தாரகை அடுத்த நாட்டு எல்லைக்குள் போய்விட்டால் படகைப் பறித்துக்கொண்டு அதிலுள்ள ஐந்து பேரையும் மறியலில் அடைப்பார்கள். எஞ்சின் பழுது என்றால் நம்பமாட்டார்கள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

செய்தி கேட்டு செல்வம் அண்ணனின் மனைவி ஜசிந்தா அக்கா வந்து கதிரையில் இருந்தார். சங்கத் தலைவர் மஹ்ரூப் ஹாஜியாரும் வந்தார். என் மகள் ஹனாவுக்கு அப்போது ஒன்பது மாதம். போத்தலில் பால் குடிக்கமாட்டாள் என்பதால் அவளையும் வேலைக்குக் கொண்டுவருவேன். அம்பின் உள்ளே உயிரை எடுக்கும் வோல்ட் ஓடுகிறதே என்று பயந்து, கழுவிக் காயவைத்த ஒரு நீல மீன்பெட்டியில் தலையணை போட்டு, அறையின் அடுத்த மூலையில் அவளை இருத்தியிருப்பேன். மீன்பெட்டியில் பிள்ளை வளர்ப்பது சரியா என்று தினமும் யோசிப்பேன்.

"என்னா மகள், பெரிய பொட்டியப் போட்டா கேக்கும் தானே?" என்றார் ஹாஜியார். "ஜௌபர் போட்டா கேக்கும்."

"கேக்கும் ஹாஜியார். ஆனா டியூன் பண்ணணும்."

"பண்ணுங்க."

"அதுக்கு விசிலடிக்கணும்."

ஹாஜியார் அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஆரு?"

"ஆராச்சும்."

3. முயற்சிகள்

முதலில் நானே 'ஆ' என்று இழுத்துப் பார்த்தேன். பயத்தில் குரல் நடுங்கியது. குரலோடு சேர்ந்து ஊசியும் நடுங்கியது.

"நீங்க அடிங்க ஹாஜியார்" என்றேன்.

"நானா? நான் மக்காவுக்குப் போய்வந்த மனிசன் மகள். இந்தச் சங்கத்துட தலைவர். நான் விசிலடிச்சா கடல்ல நிக்கிற அத்தன போட்டுக்கும் கேக்குமே."

"விசில்ல ஆருட சத்தம் எண்டு தெரியாது ஹாஜியார்."

"என்ட மனிசன் அங்க நீரோட்டத்தோட அடிச்சுப் போறார்" என்றார் ஜசிந்தா அக்கா. "நீங்க மானத்தப் பாக்கிறீங்க."

ஹாஜியார் எழும்பிக் கதவைச் சாத்தினார். தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். மைக்குக்குக் கிட்ட வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். ஊசி அசையவில்லை.

"அடிக்குதா?"

"காத்துத்தான் வருது ஹாஜியார்."

"கட்டுப் பல்லு. அதுதான். கழட்டிட்டு ஊதட்டா?"

"வேணாம் ஹாஜியார்."

அடுத்தது கத்தார். ஜௌபர் நானாவுக்குப் போன் எடுத்தேன். வேலைத்தளத்தில் நின்றவர், விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். போனின் ஸ்பீக்கரைப் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். விசில் தொடங்கியது, தொடங்கிய உடனேயே அமுங்கிப்போனது.

"எப்பிடி?"

"தொடக்கம் மட்டும் கேட்டது நானா. அடிக்கிறத நிப்பாட்டினீங்களா?"

"இல்லயே, மூச்சு முட்ட அடிச்சன்!"

பிறகுதான் எனக்கு விளங்கியது. இந்தக் காலத்துப் போன்கள் பேச்சுச் சத்தத்தை மட்டும் விட்டுவிட்டு, ஒரே மாதிரித் தொடரும் சத்தத்தை ஃபேன் இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடும். எவ்வளவு திறமாக விசிலடிக்கிறாரோ அவ்வளவு கெதியாகப் போன் அதை அழித்தது. "கொஞ்சம் பிழையா அடிங்க நானா" என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது கதவில் யாரோ இடிக்கும் சத்தம் கேட்டது. "முதீர் வந்துட்டார்" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். முதீர் என்றால் அங்கே மேலதிகாரி.

"நான் மாதா கோவில் பாட்டுக்குழுவில இருக்கிறன் மிஸ். இழுத்துப் பாடட்டா?" என்றார் ஜசிந்தா அக்கா.

இதை நான் ஏன் முதலே கேட்கவில்லை? அவர் ஒரு சுரத்தைப் பிடித்தார். ஊசி ஏறி அப்படியே நின்றது. நான் பிளேட்டைத் திருகத் தொடங்கினேன். ஊசி பள்ளத்தை நோக்கி இறங்கும் நேரத்தில் அவருக்கு ஒரு எண்ணம் வந்துவிட்டது.

"இது அவருக்கும் கேக்குமா?"

"இல்லக்கா. அவர் இப்ப செட்ட நிப்பாட்டித்தானே வச்சிருப்பார்."

அவ்வளவுதான். அழுகை வந்துவிட்டது. திரும்பத் திரும்ப முயன்றார். ஒவ்வொரு தரமும் சுரம் தொடங்கும், பாதியில் விம்மும், ஊசி விழும்.

அழுகை என்றதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மீன்பெட்டியைப் பார்த்தோம். ஹனா அழுதால் தெருமுனை வரை ஒரே இழுவையாகக் கேட்கும். அன்று என்னவோ சிரித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கினேன், சிரித்தாள். ஹாஜியார் கண்ணை உருட்டித் தாடியை விரித்துப் பயம் காட்டினார், இன்னும் சிரித்தாள்.

"மெல்லமா ஒரு கிள்ளு கிள்ளுங்க மிஸ்" என்றார் ஜசிந்தா அக்கா.

"அக்கா!"

"அஞ்சு உசிரு மிஸ்."

ஒரு தாயாக என்ன செய்வது, ஒரு ஒப்பரேட்டராக என்ன செய்வது என்று நின்றபடியே யோசித்தேன். கிள்ளினால் பாவம். கிள்ளாவிட்டாலும் பாவம். தொடையிலா, கையிலா என்று யோசிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். அப்போது வெளியே 'பீ' என்று ஒரு சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டது.

4. நிஹால் ஐயாவின் பெட்டி

சிலாபப் பக்கத்துக்காரரான நிஹால் என்ற சிங்களவர் ஒருவர் த்ரீவீலில் பேக்கரியில் சுட்ட பாணும் பனிஸும் விற்க வருவார். எல்லாப் பாண் வண்டிகளையும் போல அவருடையதிலும் ஒரு மெட்டை வாசிக்கும் பெட்டி இருந்தது. அவருடைய பெட்டிக்கு ஒரு வருத்தம். போட்டவுடன் முதல் சுரத்திலேயே சிக்கிக்கொண்டு 'பீ' என்று நிற்கும். அவர் ஒரு அடி போட்ட பிறகுதான் பாட்டு ஓடும்.

நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். அவர் கையை ஓங்கியிருந்தார்.

"ஐயா, அடிக்க வேணாம்! அடிக்க வேணாம்!"

பயந்துபோனார். "அனே மிஸ், பாண் வேணாமா?"

"சத்தம் வேணும்!"

விளங்கியதோ இல்லையோ, நல்ல மனிதர், சொன்னதைச் செய்தார். பெட்டி வண்டியின் கூரையில் ஆணி அடித்துப் பூட்டியது. மைக் வயரோ குட்டை. ஆகவே வண்டியை ஜன்னலுக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டியிருந்தது. "வரட்டும், வரட்டும், இன்னும் கொஞ்சம்" என்று ஹாஜியார் கை காட்ட, வண்டி பின்னால் வந்து சங்கச் சுவரில் ஒரு இடி இடித்து நின்றது. ஹாஜியார் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மைக்கைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்தார்.

நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையைக் குமிழில் வைத்தேன். வோல்ட் கூடிய பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது ஒரு கையை எப்போதும் ஒளித்து வைக்க வேண்டும். இதை மட்டும் நான் ஒருநாளும் மறந்ததில்லை.

"மைக் பட்டன அழுத்துங்க ஹாஜியார்."

ஊசி ஏறி, சுவரில் அறைந்த ஆணி மாதிரி நின்றது. பிளேட்டைத் திருகினேன். பள்ளம் வந்தது.

"விடுங்க." வால்வ் ஆற விட்டேன். "அழுத்துங்க." லோட். பவர் ஏறியது. "விடுங்க. அழுத்துங்க." மறுபடி பிளேட். இன்னும் கொஞ்சம் ஏறியது. ஜௌபர் நானா காலத்திலும் அந்த மீட்டர் அவ்வளவு ஏறி நான் பார்த்ததில்லை.

"சரி, விடு…" என்று நான் வாயெடுக்கும்போது, இவ்வளவு நேரமாகச் சிக்கி நிற்கும் தன் பெட்டியைப் பொறுக்க முடியாமல், பழக்கதோஷத்தில் நிஹால் ஐயா ஒரு அடி போட்டுவிட்டார். மெட்டு ஓடத் தொடங்கியது. ஹாஜியார் திகைத்துப்போய்ப் பட்டனை விடாமல் அப்படியே நின்றார். தொடக்கம் முதல் முடிவு வரை, முழுப் பவரில், அரபிக்கடல் முழுவதற்கும் பாண் வண்டி வந்தது.

முடிந்ததும் ஹாஜியார் பட்டனை விட்டார். உடனே செட்டில் ஒவ்வொரு படகாகத் தொடங்கியது.

"பாண் பாண்! இஞ்ச ரெண்டு றாத்தல் வை!"

"ஆறு கிம்புலா பனிஸ், சூடா ஈந்தா மட்டும்!"

"மச்சான், வண்டி எந்தப் பக்கத்தால வருது? எங்கட போட்டுக்கு முன்னால ஹோர்ன் அடிக்கச் செல்லு!"

"சீனிச் சம்பல் பனிஸ் ஈக்கா?"

"சீனிச் சம்பல் முடிஞ்சு" என்று நிஹால் ஐயா ஜன்னலால் தலையை நீட்டி எனக்குச் சொன்னார், நான் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பதுபோல.

சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டாகப் போகிறது. ஒருவர் மாறி ஒருவர் பனிஸ் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதற்குள் செல்வம் அண்ணன் கூப்பிட்டால் எப்படிக் கேட்கும்? அதுவரை நான் ரேடியோவில் கதைத்ததெல்லாம் அனுமதி கேட்பது மாதிரித்தான் இருக்கும். மைக்கை ஹாஜியாரின் கையிலிருந்து பறித்தேன்.

"எல்லாரும் வாயப் பொத்துங்க! கடல் தாரகை எஞ்சின் நிண்டு அடிச்சுப் போகுது. அஞ்சு பேர். இனி இந்தச் சனல்ல ஒருத்தர் வாய் தொறந்தாலும்…" என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. "வீட்டுக்கு வந்து பொஞ்சாதிமாரிட்டச் சொல்லிக்குடுப்பன்!"

மொத்தக் கடலும் அடங்கியது.

5. பட்டன்

"கற்பிட்டி… கடல் தாரகை."

குரல் மெல்லியதாக இருந்தது. ஆனால் வந்தது.

"கடல் தாரகை, கற்பிட்டி. நல்லாக் கேக்குது அண்ணன். உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது… மிஸ், ஒரு சின்ன விஷயம்." கொஞ்சம் தயங்கினார். "செட்டப் போட்ட உடன பாண் வண்டிச் சத்தம் கேட்டது. பயந்து நிப்பாட்டிட்டு இப்பதான் திரும்பப் போட்டன். எங்களுக்கு மட்டுமா கேட்டது?"

"இல்லண்ணன். எல்லாருக்கும் கேட்டது."

"அப்பாடா. நாங்க அஞ்சு பேரும் ஆளையாள் பாத்தம். ஒருத்தனும் வாய் தொறக்கல்ல. தனக்கு மட்டும்தான் மண்டை பிசகிட்டுது எண்டு அவனவன் நினைச்சிட்டான்."

"அண்ணன், நீங்க நிக்கிற இடத்துட நம்பரச் சொல்…"

முடிக்கவில்லை. ஜசிந்தா அக்கா மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"இஞ்சேருங்க! என்னங்க! சாப்பிட்டீங்களா? குடிக்கத் தண்ணி இருக்குதா? மாதாவே, நான் காலயிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல்ல. நான் அண்டைக்கே சொன்னனே, அந்த எஞ்சினப் பாருங்க பாருங்க எண்டு! கேட்டீங்களா? இஞ்சேருங்க… ஏன் பேசாம இருக்கிறீங்க?"

பட்டனை அழுத்தியபடியே காத்திருந்தார். எங்கள் செட்டில் பட்டனை அழுத்தியிருக்கும் வரை நாம் மட்டும்தான் கதைக்கலாம். எதிர்ப்பக்கம் என்ன சொன்னாலும் நமக்குக் கேட்காது.

"அக்கா, பட்டன…"

"என்னோட கோவமா? இந்த நேரத்திலயும் கோவமா? வாயத் தொறந்து ஒரு சொல்லுச் சொன்னா என்ன?"

ஒவ்வொரு கேவலுக்கும் வால்வின் தகடு சிவந்து சிவந்து அடங்கியது. அங்கே பட்டரி இறங்குகிறது. எனக்கோ, புருஷனை நினைத்து அழும் ஒரு மனுசியின் கையைப் பிடித்து முறிப்பதா என்று தயக்கம். வயதில் மூத்தவர் வேறு. இரண்டு பெரிய மூச்சு எடுத்தேன். பிறகு அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பெருவிரல்தான் கடைசி வரை விடவில்லை.

பட்டன் மேலே வந்தபோது செல்வம் அண்ணன் நம்பர்களைப் பாதி சொல்லி முடித்திருந்தார்.

"திரும்ப, முதல்லருந்து!" என்றேன்.

சொன்னார். நான் திருப்பி வாசித்தேன். "சரி" என்றார். இழுக்கப் போகவேண்டிய படகின் தண்டல் இடையில் வந்து, "எடுத்துட்டன் மிஸ், இந்தா திருப்பிட்டன்" என்றார்.

"கடல் தாரகை, வருகினம். செட்ட நிப்பாட்டிப் பட்டரியக் காப்பாத்துங்க."

"சரி மிஸ். ஜசிந்தாட்டச் சொல்லுங்க…"

அதோடு குரல் நின்றது. பட்டரி போய்விட்டது.

6. ஜசிந்தாவிடம் சொல்ல வேண்டியது

படகைக் கட்டி இழுத்துவரச் சில நாள் பிடித்தது. அந்த நாட்கள் முழுக்க ஜசிந்தா அக்கா ரேடியோ அறைக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்.

"என்னத்தச் சொல்லச் சொன்னார் மிஸ்?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும், நான் கடைசிச் சொல்லைக் கவனிக்காமல் விட்டேனோ, லோட்டை இன்னும் கொஞ்சம் கூட்டியிருந்தால் கேட்டிருக்குமோ என்று எனக்கும் நித்திரை இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார் என்றார் ஹாஜியார். நேர்த்தி வைத்திருப்பார், கோவிலில் மெழுகுதிரி கொளுத்தச் சொல்லியிருப்பார் என்றது அயல். ஜசிந்தா அக்கா போய் மெழுகுதிரியும் கொளுத்தினார். "எங்கயோ ஒருத்திய வச்சிருக்கிறாரோ, சாகிற நேரம் சொல்லிட்டுப் போகப் பாத்தாரோ" என்றும் ஒருநாள் கேட்டார். "கட்டின பொஞ்சாதிக்கு மறைக்காதீங்க மிஸ்" என்றார்.

கடல் தாரகை இறங்குதுறைக்கு வந்த பின்னேரம் நாங்கள் எல்லோரும் போனோம். ஹனாவை இடுப்பில் வைத்திருந்தேன். செல்வம் அண்ணன் கறுத்து மெலிந்து, கயிற்றைக் கையில் பிடித்தபடி படகின் முன்பக்கத்தில் நின்றார். கயிறு எறியக்கூட விடாமல் ஜசிந்தா அக்கா கரையில் நின்று கத்தினார்.

"என்னத்தச் சொல்லச் சொன்னீங்க?"

"என்ன?"

"ஜசிந்தாட்டச் சொல்லுங்க எண்டீங்களே! என்னத்த?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பின்னால் நின்ற நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு ஞாபகம் இருந்தது போல.

"ஓ, அதுவா? கதைச்சு முடிச்சா பட்டன விடு எண்டு."

ஜசிந்தா அக்கா அங்கேயே, மீன் கழுவிய ஈரச் சீமெந்தில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு அம்பை டியூன் செய்யும் விதத்தை நான் சொல்லித் தரலாம். பிளேட், லோட், மறுபடி பிளேட், ஒரு கை முதுகுக்குப் பின்னால். அது ஒரு நாளில் வரும். எவ்வளவு பவர் ஏற்றினாலும், நாம் கையை எடுத்தால்தான் அந்தப் பக்கத்து மனிதருக்கு முறை வரும். இது வர நாள் எடுக்கும்.

இப்போது பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு, கடலில் உள்ளவர்களோடு கதைக்க வரும் பெண்களுக்கு நான் ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஜசிந்தா அக்கா வாசலில் நின்று, மூடிய கைமுட்டியை மைக் மாதிரி வாய்க்கு முன்னால் பிடித்து, புதிதாக வந்த பெண்ணுக்குக் காட்டுகிறார்.

"அமத்து. கத. இனி விடு. விடு பிள்ள! நீ விட்டாத்தான் அந்த மனிசன் வாய் தொறப்பான்."